ஹாய் வான் கணவாய்: குறுக்கே படுத்த மலை

வியட்நாம் டூர் போகிற நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டா நாங்கில் இருந்து ஹுவேக்கு பைக்கில் போகலாமாமே, நீ போயிருக்கியே, எப்படி?" போகலாம். ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நடுவில் ஹாய் வான் கணவாய். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு. படங்களில் பார்ப்பது பொய்யில்லை. ஆனால் அந்த பைக்கை யார் ஓட்டுவது என்பதில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த மலை, ஏனென்றால் அது புரிந்தால் பாதி பயணத் திட்டம் தானாகவே வந்துவிடும்.

நடு வியட்நாமின் அமைப்பு தமிழ்நாட்டுக்காரருக்குச் சட்டென்று பிடிபடும். கிழக்கே கடல். மேற்கே நாட்டின் நீளத்துக்கு அன்னமைத் மலைத்தொடர், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி. கோடையில் தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது மழையை மலைக்கு அந்தப் பக்கம் லாவோஸில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்த அனலாக இறங்குகிறது. அதற்கு உள்ளூர்ப் பெயரே "லாவோஸ் காற்று". நமக்கு ஜூன், ஜூலையில் கேரளா நனைய, இங்கே வெறும் காற்று அடிக்கிறதே, அதே கதைதான். மழை வருவது வடகிழக்குப் பருவத்தில். சென்னையில் வெள்ளம் வருகிற அக்டோபர், நவம்பரில்தான் ஹுவேயிலும் வெள்ளம் வரும்.

ஒரே ஒரு வித்தியாசம். நம்ம மலை கடற்கரையைத் தொடாமல் தள்ளியே நிற்கிறது. அங்கே 16 டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்தில், தொடரின் கிளை ஒன்று குறுக்கே திரும்பி நேராகக் கடலில் போய் விழுகிறது. பாக் மா மலை, அதன் கிழக்கு நுனியில் ஹாய் வான். வடக்கே இருந்து சமவெளியில் வரும் எதுவும், காற்றோ, மேகமோ, படையோ, லாரியோ, இந்தச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும்.

குளிர்காலத்தில் வடகிழக்கில் இருந்து வரும் ஈரக்காற்று இந்தச் சுவரில் மோதி மேலே ஏறுகிறது. ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மேகம். பாக் மா உச்சியில் வருடத்துக்கு ஏறக்குறைய 8,000 மி.மீ. மழை. சென்னைக்கு 1,400 மி.மீ. சொச்சம், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஹாய் வான் என்ற பெயருக்கே "கடல் மேகம்" என்றுதான் பொருள். வடக்குப் பக்கம் நசநசவென்று தூறிக்கொண்டிருக்க, தெற்கே டா நாங்கில் வெயில் அடிக்கும். வியட்நாமின் வடக்குக் காலநிலையும் தெற்குக் காலநிலையும் பிரியும் கோடாக இந்த மலையைத்தான் சொல்கிறார்கள்.

நான் போனது பிப்ரவரியில். ஓட்டிவந்த அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உச்சிக்கு இரண்டு வளைவு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, நல்ல வெயிலில் மழைக்கோட்டை எடுத்து மாட்டினார். எனக்கும் ஒன்று நீட்டினார். கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே வடக்கே கையைக் காட்டினார். ஐந்து நிமிஷம் கழித்து முன்னால் போகும் வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

படைகளுக்கும் இது சுவர்தான். இந்தப் பகுதி ஒரு காலத்தில் சம்பா நாடு. "வர்மன்" என்று முடியும் பெயருள்ள அரசர்கள், சிவன் கோயில்கள், தென்னிந்திய பிராமியில் இருந்து வளர்ந்த எழுத்து. 1306-இல் சம்பா மன்னர் மூன்றாம் ஜய சிம்மவர்மன், வியட்நாமிய இளவரசி ஹுயென் திரானை மணக்க இரண்டு மாகாணங்களைக் கொடுத்தார். எல்லை இந்த மலையை நோக்கி இறங்கியது. 1470-71 படையெடுப்பில் லே தான் தோங் என்ற மன்னர் சம்பாவின் தலைநகரையே பிடித்தார். கணவாய் உச்சியில் இன்று நிற்கும் செங்கல் வாசல் பிற்காலத்தது. 1826-இல் மின் மாங் மன்னர் கட்டியது. ஹுவே பக்கம் "ஹாய் வான் வாயில்" என்றும், டா நாங் பக்கம் "வானின் கீழ் முதன்மையான வாயில்" என்றும் பொறித்திருக்கிறது. பக்கத்திலேயே குண்டு துளைத்த கான்கிரீட் பதுங்கு அறைகள். பிரெஞ்சுக்காரர்கள் கட்டியதை அமெரிக்கர்களும் பயன்படுத்தினார்கள். 496 மீட்டர் உயரத்தில் இரண்டு பக்கச் சாலையையும் பார்க்க முடிகிற இடத்தை எந்த ராணுவம் விடும்?

இத்தனை காலம் எல்லாரையும் தடுத்த சுவர், 2005-க்குப் பிறகு பைக்காரர்களுக்கு வரமாக மாறியதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த வருடம் மலைக்கு அடியில் 6.28 கி.மீ. சுரங்கச் சாலை திறந்தது. லாரி, பஸ், கார் எல்லாம் உள்ளே போய்விட்டன. பைக்குக்கு உள்ளே அனுமதியில்லை (பைக்கை லாரியில் ஏற்றி, ஆளை பஸ்ஸில் உட்கார வைத்துக் கடத்தும் ஏற்பாடு தனியாக உண்டு). ஆக, நாட்டின் பிரதான நெடுஞ்சாலையாக அகலமாகப் போட்ட 20 கி.மீ. மலைப்பாதை காலியாகக் கிடைத்தது. அழகுக்காக யாரும் இதைத் திட்டமிடவில்லை. முழுக் காலி என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்: பெட்ரோல் டேங்கர் மாதிரி தீப்பிடிக்கும் சரக்கு சுரங்கத்துக்குள் போகக் கூடாது. அதெல்லாம் இன்னும் மேலேதான் வரும், வளைவில் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு.

திசை முக்கியம். அங்கே வண்டி வலதுபக்கம் ஓடும். டா நாங்கில் இருந்து வடக்கே போனால் கடலும் வலதுபக்கம். அதனால் பெரும்பாலும் கடலோர ஓரத்திலேயே போகலாம், நிறுத்திப் பார்க்கச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டாம். உச்சி தாண்டினால் கீழே லாங் கோ மணல்திட்டும் அதற்குப் பின்னால் உப்பங்கழியும் தெரியும் (மேகம் விட்டால்).

இறக்கத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. பைக், இரண்டு பேர், பை எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று வைப்போம். 496 மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 12 லட்சம் ஜூல். ஏறத்தாழ நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அது காற்றிலும் இன்ஜினிலும் போகணும், இல்லாவிட்டால் பிரேக்கில்தான் போகும். வாடகைக்குக் கிடைக்கும் கியரில்லாத ஸ்கூட்டரில், வேகம் நன்றாகக் குறைந்தால் கிளட்ச் தானாகவே விட்டுவிடும். அப்புறம் இன்ஜின் பிடிக்காது, முழுச் சூடும் பிரேக்குக்குத்தான். அந்த அண்ணன் வைத்திருந்தது கியர் உள்ள 110 சிசி வண்டி. இறக்கம் முழுக்க இரண்டாவது, மூன்றாவது கியர்தான். பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொட்டார்.

இப்போது அந்தச் சிக்கல். வியட்நாமில் 50 சிசிக்கு மேல் பைக் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பதில் இரண்டு வகை உண்டு: 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தப்படி இன்னொன்று. நம்ம ஆர்.டி.ஓ. தருவது 1949 வகை. வியட்நாம் ஏற்பது 1968 வகை. அதாவது, கையில் அந்தப் புத்தகம் இருந்தாலும் அங்கே நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். வாடகைக் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினால் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். "போலீஸ் பிடித்தால் ஃபைன் கட்டிக்கலாம்" என்பார்கள். ஃபைன் பெரிய விஷயமில்லை. பயணக் காப்பீட்டு விதிகளில், பைக் விபத்துக்குப் பணம் தர செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்று பொதுவாகவே போட்டிருப்பார்கள். கால் உடைந்து அறுவை சிகிச்சை, ஊருக்குத் திரும்ப ஸ்ட்ரெச்சர் டிக்கெட், எல்லாம் சொந்தக் காசு. எதிராளிக்கு அடிபட்டால் அதுவும்.

ஊரில் இருபது வருடமாக புல்லட் ஓட்டும் நான் இதனால்தான் பின்சீட்டில் போனேன். கௌரவக் குறைச்சலாக இல்லை. சாலையைப் பார்க்க வேண்டிய கண் முழுக்கக் கடலைப் பார்த்தது. டா நாங், ஹுவே, ஹோய் ஆன் மூன்று ஊரிலும் இப்படிக் கூட்டிப்போகும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், பெட்டியையும் கட்டிக்கொள்வார்கள். நல்ல மாதங்கள் பிப்ரவரி முதல் மே வரை. அக்டோபர், நவம்பரில் வேண்டாம்.

பைக்கே வேண்டாம் என்றால் ரயில் இருக்கிறது. கணவாயில் ஏறாமல் மலையின் காலைச் சுற்றிக் கடலுக்கு மேலேயே போகும், மூன்று மணி நேரத்துக்குள் ஹுவே. டா நாங்கில் ஏறினால் போகும் திசைக்கு வலதுபக்க ஜன்னல் கேளுங்கள்.