அளவறிந்து வீடு கட்டுதல்

வீடு கட்ட எண்ணுவோர் முதலிற் கேட்கும் வினா, "சதுர அடிக்கு என்ன முடியும்?" என்பதே. மேசன் ஒரு தொகை சொல்வார்; சென்ற ஆண்டு வீடு கட்டிய அயலார் வேறொரு தொகை சொல்வார். இரண்டுக்கும் நடுவில் ஒன்றை மனத்திற்கொண்டு அத்திவாரம் வெட்டத் தொடங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சதுர அடிக் கணக்கு ஊர் நிலவரத்தை அறிவதற்கு ஓரளவு உதவும். ஒரு குடும்பம் தன் சேமிப்பை நம்பி ஒப்படைக்கக்கூடிய கணக்கு அதுவன்று.

விலைவாசி எத்துணை விரைவில் மாறும் என்பதை அண்மைக் காலம் நன்கு காட்டியது. 2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஐம்பது கிலோச் சீமெந்துப் பை ஏறக்குறைய ஆயிரம் ரூபாவுக்கு விற்றது. நாட்டின் பொருளாதாரம் நெருக்கடியில் வீழ்ந்த 2022 இல் அதே பை மூவாயிரம் ரூபாவை எட்டியது. அத்திவாரத்தை ஒரு விலையிலும் சுவரை மற்றொரு விலையிலும் கட்டியோர் கூரைக்கு வழியின்றி நின்றனர். ஆயினும் விலை எவ்வளவு ஏறினும் ஒரு வீட்டுக்குத் தேவையான கல்லின் தொகை ஏறுவதில்லை. சீமெந்துப் பைகளின் தொகையும் ஏறுவதில்லை. ஆதலால் முதலில் அறியவேண்டியது அளவு. அளவு தாளில் எழுதப்பட்டிருந்தால், எந்த மாதத்திலும் கடைக்காரரிடம் விலை கேட்டுப் பெருக்கிக்கொள்ளலாம்.

இருபது அடி அகலமும் முப்பது அடி நீளமும் உடைய சிறு வீடொன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு அறுநூறு சதுர அடி. புறச்சுவர்களின் நீளம் நூறு அடி. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் ஐம்பது அடி எனலாம். சுவரின் உயரம் பத்து அடியானால், கதவு யன்னல்களின் வெளியைக் கழித்தபின் எஞ்சுவது ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு சதுர அடிச் சுவராகும். பதினாறு அங்குல நீளமும் எட்டு அங்குல உயரமும் கொண்ட சீமெந்துக் கல், சாந்தும் சேர்ந்து, நூறு சதுர அடிக்கு நூற்றுப் பதின்மூன்று செல்லும். எனவே ஆயிரத்து நானூற்றெழுபது கற்கள் வேண்டும். உடைவதையும் வெட்டுத்துண்டுகளையும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூற்றைம்பது என எழுதிக்கொள்வது நலம்.

இதே அறுநூறு சதுர அடியைப் பன்னிரண்டு அடி அகலமும் ஐம்பது அடி நீளமுமாக அமைத்தால் என்னவாகும்? புறச்சுவர் நூற்றிருபத்துநான்கு அடியாகிவிடும். வீட்டினுள் ஓர் அடி இடமேனும் கூடவில்லை. ஆயினும் இருபத்துநான்கு அடி அத்திவாரமும், அவ்வளவு சுவரும், அதன்மேல் வளைக் கொங்கிறீற்றும், இரு பக்கமும் பூச்சும் கூடிவிட்டன. ஒடுங்கிய வளவில் நீளவீடு தவிர்க்க இயலாதது. அகன்ற வளவு இருந்தும், முகப்பு அழகுக்காக மூலைகளை மடித்து மடித்து வரையும் படங்களுக்கே இக்கணக்கு எச்சரிக்கையாகும். மூலை ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. கூரையில் அதன் விலை இரட்டிப்பாகும்; இரண்டு கூரைச்சாய்வுகள் சந்திக்கும் பள்ளமே பிற்காலத்தில் ஒழுக்குக்கு வாய்ப்பான இடம்.

அத்திவாரத்திற்கு வருவோம். ஒன்றரை அடி அகலமும், நிலத்தின் கீழும் மேலுமாக மூன்று அடி உயரமும் வைத்துக் கருங்கல்லாற் கட்டினால், நூற்றைம்பது அடிக்கு அறுநூற்றெழுபத்தைந்து கன அடி. நம் நாட்டு வழக்கில் நூறு கன அடி ஒரு கியூப் ஆதலால், ஆறே முக்காற் கியூப் கட்டு வேலை இது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணின் கீழே பல இடங்களில் சுண்ணக்கற்பாறை ஆழமின்றிக் கிடக்கிறது. அங்கே பாறை கண்டவிடத்தில் அகழ்வதை நிறுத்திவிடலாம். வன்னியின் களிமண் நிலம் அத்தகையதன்று. மாரியில் ஊதியும் கோடையில் வெடித்தும் அசையும் மண் அது. அவ்விடங்களில் அத்திவாரத்தைச் சிக்கனம் பார்ப்போர் இரண்டாம் ஆண்டிலேயே சுவரில் வெடிப்பைக் காண்பர். மணற்பாங்கான கரையோரங்களில் அகலம் கூடவேண்டும்.

பெரும்பாலோர் மறந்துவிடும் செலவு ஒன்று இவ்விடத்தில் உண்டு. நிலமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தரையிட வேண்டுமெனின், அத்திவாரச் சுவர்களுக்கிடையே பல கியூப் மண் நிரப்பவேண்டும். இடித்து இறுக்கும்போது அதற்கு மேலும் செல்லும். பட்டியலில் மண்ணை எழுதுவோர் மிகச் சிலரே. இதற்கு அஞ்சித் தரையைத் தாழ்த்துவதும் அறிவுடைமையாகாது. 2018 ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தின்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளுள் நீர் புகுந்ததை அப்பகுதி மக்கள் மறந்திரார். வளவில் முன்னர் வெள்ளம் நின்ற அளவை அயலிலுள்ள முதியோரிடம் கேட்டறிந்து, அதற்கு மேலே தரைமட்டத்தைக் குறித்தல் வேண்டும்.

கூரையின் கணக்கே பலரை ஏமாற்றுவது. அறுநூறு சதுர அடி வீட்டுக்கு அறுநூறு சதுர அடிக் கூரை போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். சுவருக்கு வெளியே நாற்புறமும் இரண்டரை அடி இறவாணம் விட்டால், மூடவேண்டிய பரப்பு இருபத்தைந்துக்கு முப்பத்தைந்தாக, எண்ணூற்றெழுபத்தைந்து சதுர அடியாகும். ஓட்டுக்கூரைக்கு உரிய முப்பது பாகைச் சாய்வையும் சேர்த்தால் ஆயிரத்துப் பத்து சதுர அடிக்கு வந்துவிடும். நூறு சதுர அடிக்கு நூற்றைம்பது ஓடு என வைத்தால் ஆயிரத்து ஐந்நூறு ஓடுகளுக்கு மேல் வேண்டும், முகட்டோடு வேறு. இறவாணத்தைக் குறைத்துச் செலவைக் குறைக்கலாமே என்பர் சிலர். மழையும் வெயிலும் நேரே சுவரில் விழும் நாட்டில் அது பொருந்தாத சிக்கனம்.

மரத்திலும் சிந்தித்துச் செய்யவேண்டியது உண்டு. நன்கு முதிர்ந்த பனையின் வைரம் பாய்ந்த சிலாகையும் வளையும் தலைமுறைகளுக்கு நின்றதை யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிற் காணலாம். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. இன்று பனை தறிப்பதற்கு அனுமதி பெறவேண்டும். இளம் பனையை மலிவென வாங்குவோர் சில ஆண்டுகளில் உளுத்த சிலாகையை மாற்றவேண்டி வரும். அஸ்பெஸ்ரஸ் தகடு விலையிற் குறைந்ததுதான். ஆனால் அதை அறுக்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு விளைப்பது. அதன் நீலவகை இலங்கையில் 1987 ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. வெப்பமும் அதன் கீழே மிகுதி. ஓட்டுக்குப் பணம் போதாதவர் உலோகத் தகடிட்டு, நாளடைவில் உள்ளே தட்டு அமைத்துக்கொள்வது அதனினும் மேல்.

கூரை எதுவாயினும் சுவரோடு பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். 1978 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் பறந்த கூரைகள் எண்ணிறந்தன. சுவரின் மேலே வளைக் கொங்கிறீற்று இடும்போதே இரும்புப் பட்டிகளை அதிற் புதைத்து, சுவர்த்தலை மரத்தை அவற்றாற் கட்டிவிட்டால் கூரை எளிதிற் கிளம்பாது. செலவோ மிகச் சிறிது. கொங்கிறீற்று இறுகியபின் இதனைச் செய்ய நினைப்பது வீண்.

அந்த வளைக் கொங்கிறீற்றின் அளவையும் பார்த்துவிடலாம். ஆறு அங்குலச் சதுரமாக நூற்றைம்பது அடிக்கு முப்பத்தேழரை கன அடி. ஒன்றுக்கு இரண்டு மணலும் நான்கு சல்லியுமாகக் கலந்தால், ஒரு கியூப் கொங்கிறீற்றுக்குப் பதினெட்டுப் பை சீமெந்து செல்லும். இதற்கு ஏழு பை போதும். கம்பி நான்கு ஓட்டமாக அறுநூறு அடியும், பொருத்துக்களில் மேலேறும் நீளமும் வேண்டும். சீமெந்தை ஒளித்துவைப்பதாலன்றி, நீரை மிகுத்து ஊற்றுவதாலேயே கொங்கிறீற்று வலுவிழக்கிறது என்பதைக் கட்டுவிப்போர் அறிந்திருத்தல் நன்று. தளதளவென ஓடும் கலவை வேலையாட்களுக்கு எளிது, வீட்டுக்கு நல்லதன்று. இட்டபின் ஏழு நாளேனும் ஈரச்சாக்கு மூடி நீர் தெளித்தல் வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம். வீட்டிலுள்ள பிள்ளைகளே காலையும் மாலையும் செய்யக்கூடிய வேலை.

மணலை வாங்குமுன் ஒரு கண்ணாடிப் போத்தலிற் பாதியளவு இட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி, சில மணிநேரம் அசையாது வைத்துப் பார்க்கலாம். மணலின் மேலே தடித்த சேற்றுப்படை நின்றால் அந்த மணல் பூச்சுக்கு ஆகாது. நாவிலிட்டால் உவர்க்கும் மணல் எதற்கும் ஆகாது. உப்பு கம்பியைத் துருவேற்றும், சுவரில் ஈரத்தைக் கசியவிடும். தீவுப் பகுதிகளில் உவர்நீர்க் கிணற்றால் கொங்கிறீற்றுக் குழைப்போருக்கும் இதே கேடு வரும். மணல் ஏற்றிவரும் வாகனத்துக்கு அனுமதிப்பத்திரம் உண்டா எனக் கேட்பதும் வாங்குவோரின் நன்மைக்கே. கற்களைத் தம் வளவிலேயே அரிவிப்போர், ஒரு பையில் எத்தனை கல் என்பதை முன்னரே பேசி எழுதிக்கொள்ளல் வேண்டும். தொகை கூடக்கூடக் கல் உதிரும்.

மலக்குழியின் இடம் வீட்டுப் படத்தில் முதலிற் குறிக்கப்படவேண்டியது. வழக்கிலோ அது கடைசியில், எஞ்சிய மூலைக்குப் போய்விடுகிறது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் ஐம்பதடி இடைவெளி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மணலினூடாக ஊறும் நீர் வழியில் ஓரளவு வடிகட்டப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற்பாறையிலோ நீர் வெடிப்புக்களின் வழியே தடையின்றி ஓடும். அங்குள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்து உரமும் மலக்குழியும் அதற்குக் காரணங்கள். ஆகவே அங்கே ஐம்பதடியைக் குறைந்த அளவாகவே கொள்ளவேண்டும். அடியும் பக்கமும் சீமெந்தால் அடைத்த தொட்டி கட்டுதல் அவசியம். தன் கிணற்றை மட்டுமன்றி, வேலிக்கு அப்பாலுள்ள அயலவரின் கிணற்றையும் அளந்து பார்க்கவேண்டும். ஒரு பரப்பு, இரண்டு பரப்பாகக் காணி துண்டாடப்படும் இக்காலத்தில் இது எளிதன்று. அதனாலேயே காணி வாங்குமுன் பார்க்கவேண்டிய காரியமாகிறது.

காணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டுள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். பங்குக் காணியானால், 1947 ஆம் ஆண்டின் தேசவழமை முற்கொள்வனவுச் சட்டப்படி மற்றைப் பங்காளருக்கு முன்னுரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காது வாங்கியவர் பின்னர் நீதிமன்றத்தில் நிற்க நேரலாம். படத்தை உள்ளூராட்சி மன்றத்தில் ஒப்புவித்து அனுமதி பெறுவதற்கு முன் ஒரு கல்லும் வைத்தலாகாது. வீதிக்கோட்டினுள் எழுந்த விறாந்தையைப் பின்னர் இடிப்பதிலும் பார்க்க, அனுமதிக்குக் காத்திருக்கும் சில கிழமைகள் இலேசானவை.

போர் முடிந்தபின், 2012 ஆம் ஆண்டு தொடக்கம், இந்திய அரசின் உதவியால் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. வீடொன்றுக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா தவணை தவணையாக வழங்கப்பட்டது. வீட்டுக்குரியவரே நின்று கட்டுவிக்கும் முறை அது. பிறர் கட்டித் தந்த வீட்டினும் தாமே கட்டிய வீட்டில் மக்கள் கூடிய கருத்துக் காட்டுவர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வுதவி பெற்ற குடும்பங்கள் பல கடனாளிகளாயின. சீதனத்துக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஓர் அறை கூட இருக்கட்டும் என்று அத்திவாரத்தை நீட்டியோர் உண்டு. அது இயற்கையான ஆசையே, குறை கூறத்தக்கதன்று. ஆனால் அத்திவாரம் நீளும் அன்றே சுவரின் செலவும் கூரையின் செலவும் நீண்டுவிடுகின்றன. அவற்றுக்கான பணம் பின்னர் நகை ஈட்டிலிருந்தும் வட்டிக்கடனிலிருந்தும் வந்தது.

இவ்வாசைக்கு வழியே இல்லை என்பதன்று. முழு வீட்டுக்கும் படம் வரைந்து, அதில் ஓர் அறை, குசினி, மலசலகூடம் ஆகிய பகுதியை மட்டும் முதலிற் கட்டி முடித்துக் குடிபூரலாம். அவ்வாறு செய்வோர் கூரையை நாற்புறமும் சாய்த்து முடித்துவிடலாகாது. எதிர்காலத்தில் வீடு நீளவேண்டிய பக்கத்தில் சுவரை முகடுவரை முக்கோணமாக எழுப்பி விட்டால், பின்னர் அதே முகட்டை நேரே நீட்டிச் செல்லலாம். பழைய ஓட்டைக் கழற்றும் வேலை மிகக் குறைவு. அப்பக்கத்து அறையில் பிற்காலத்துக் கதவுக்கு வேண்டிய மேல்வளையையும் இப்போதே வைத்துக் கட்டிவிடலாம். நீளும் பக்கத்தில் கிணறோ மலக்குழியோ வராதிருக்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கூரை போட்டு முடிந்த நாளில் வீடு முக்கால்வாசி முடிந்ததுபோலத் தோன்றும். செலவிற் பாதியே அப்போது முடிந்திருக்கும் என்பது பழகிய மேசன்மாரின் கணக்கு. பூச்சு, தரை, நிலை, கதவு, யன்னல், மின்னிணைப்பு, நீர்க்குழாய், மலசலகூடத்துப் பொருள்கள் ஆகியன சிறியனவாக வந்து பெருந்தொகையை விழுங்குவன. கையிலுள்ள பணத்தை இரண்டாகப் பிரித்து, முதற்பாதியில் கூரை ஏறுமா எனப் பார்த்து வீட்டின் அளவைத் தீர்மானிப்பதே பொருத்தமானது. பட்டியலின் கூட்டுத்தொகைக்குப் பத்திலொரு பங்கு மேலதிகமாகவும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வேலையைக் கொந்தராத்தாகக் கொடுப்பதாயின், பொருளை வீட்டுக்காரர் வாங்கிக் கூலியை மட்டும் பேசிக்கொள்வது சிறு வீடுகளுக்கு ஏற்றது. நாட்கூலி முறையில் வேலை நீளும். ஆனால் வெளியூரில் தொழில் பார்ப்போருக்கு இரண்டுமே தொல்லைதான், வளவில் நம்பிக்கையான ஒருவர் நில்லாவிடின். கூலியைப் படிகளுக்கு ஏற்பப் பகுத்து, அத்திவாரம், சுவர், வளைக் கொங்கிறீற்று, கூரை, பூச்சு என ஒவ்வொன்றும் முடிந்தபின் இன்ன தொகை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடல் வேண்டும். கடைசித் தவணை சிறிதாகாமல், பூச்சும் தரையும் முடியும்வரை கையில் நிற்கத்தக்க தொகையாக இருக்கட்டும். குழாயும் மின்கம்பியும் சுவரில் எவ்விடத்தே செல்கின்றன என்பதைப் பூச்சுப் பூசுமுன் படத்திற் குறித்து, உறுதியோடு சேர்த்து வைத்துவிடலாம். பிற்காலத்தில் ஆணி அறையப் போகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.