பொன்னாங்காணி தெரிந்த கண்கள்

சிட்னியின் மேற்கே டூங்காபி, பென்டில் ஹில், வென்ட்வர்த்வில் பக்கம் இடியப்பத்துக்கும் முருங்கையிலைக்கும் குறைவில்லை. அத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். ஆனால் பின்வேலிக்கு அப்பால் ஓர் ஓடை ஓடுவதை, வருஷக்கணக்காக இங்கே இருப்பவர்களிலேயே பலர் கவனித்ததில்லை. டூங்காபி ஓடை அது. வெஸ்ட்மீட் பக்கம் டார்லிங் மில்ஸ் ஓடையோடு கலந்து பரமட்டா ஆறாகிறது. அந்த ஆறுதான் சிட்னித் துறைமுகத்துக்குப் போகிறது. வீட்டு வாசலில் கார் கழுவினால் அந்தச் சவர்க்காரத் தண்ணீர் வீதியோரக் கானில் இறங்கி, சுத்திகரிப்பு நிலையம் எதையும் காணாமல், ஓடைக்கே வந்து சேரும்.

நான் வலிகாமத்தில் பிறந்தவள். எங்கள் பக்கம் ஆறென்று சொல்ல இருந்தது, மாரிமழைக்கு மட்டும் உயிர்பெறும் வழுக்கையாறு ஒன்றுதான். ஓடும் தண்ணீருக்குப் பக்கத்தில் வீடு அமைவதைப் பெரும் பேறாகவே நான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் புஷ்கேர் குழுவில் சேர்ந்தேன். நகர்ப்புறத்தில் எஞ்சிய காட்டுத் துண்டுகளையும் ஓடைக்கரைகளையும் பராமரிக்கும் தன்னார்வலர்களுக்கு இங்கே அந்தப் பெயர். பெரும்பாலான மாநகரசபைகள் இப்படிக் குழுக்களை நடத்துகின்றன. கையுறை, கருவிகள் எல்லாம் சபையே தரும், வேலையையும் சொல்லித்தரும். காசு செலவில்லை. ஆங்கிலம் சரளமாக வர வேண்டும் என்றும் இல்லை.

இந்த வேலைக்குக் கைப்பலத்தைவிடக் கண் முக்கியம். எது இந்த மண்ணுக்குரியது, எது வெளியிலிருந்து வந்து ஏறிக்கொண்டது என்று பிரித்தறியத் தெரிய வேண்டும். அந்தக் கண் நம்மவர்களிடம், அதிலும் கீரை ஆய்ந்து வளர்ந்தவர்களிடம், நிறையவே இருக்கிறது. அதே சமூகத்தின் கீரைப் பாத்திகளில்தான் இந்நாட்டு நீர்நிலைகளுக்கு ஒரு பெரிய ஆபத்தும் வளர்ந்தது. நம் வீடுகளில் அதை வெளிப்படையாகப் பேச வேண்டும்.

அலிகேட்டர் வீட் என்பது தென்னமெரிக்கச் செடி. அவுஸ்திரேலியாவில் 1946ல் நியூகாசில் துறைமுகப் பக்கம் முதன்முதலில் பதிவானது. தண்ணீர்மேல் அடர்ந்து மூடி வெளிச்சத்தை மறைக்கும். நீரிலுள்ள ஒட்சிசன் குறைய, அடியில் மீனும் பூச்சியும் மூச்சுத் திணறும். அதைத் தின்னும் ஒரு சின்ன வண்டை 1977ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். வண்டு தண்ணீரில் மிதந்ததைத் தின்றது. தரையில் வேர்விட்டிருந்ததை அதனால் அடக்க முடியவில்லை. இந்த நாட்டில் அந்தச் செடி முளைக்கும் விதை போடுவதில்லை. கணுவோடு ஒரு தண்டுத்துண்டு தண்ணீரில் போனால் போதும், போய்ச் சேருமிடத்தில் புதுச்செடி.

1990களின் நடுவில் ஒரு விஷயம் தெரியவந்தது. நாட்டின் எல்லா மாநிலங்களிலும் இலங்கையர் வீட்டுத் தோட்டங்களில் இந்தச் செடி பாத்தி கட்டி வளர்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. தமிழர் பொன்னாங்காணி என்றும் சிங்களவர் முக்குணுவென்ன என்றும் நம்பியே வளர்த்தார்கள். ஊர்க்கீரை கிடைத்த சந்தோஷத்தில் தண்டு வீட்டுக்கு வீடு கைமாறியது. விக்டோரியா மாநில அதிகாரிகள் அப்போது செய்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம். வெறுமனே பிடுங்கிக்கொண்டு போகாமல், அதே குடும்பத்தைச் சேர்ந்த, இந்நாட்டுக்கு உரிய ஒரு பொன்னாங்காணியை மாற்றாகக் கொடுத்தார்கள். கீரைச்சுண்டல் வேண்டும் என்று ஏங்கியவரின் சட்டியையும் நினைத்துப் பார்த்த நிர்வாகம் அது.

வித்தியாசம் பூவில் தெரியும். நம் பொன்னாங்காணியின் வெள்ளைப் பூ, இலை தண்டோடு சேரும் கக்கத்திலேயே ஒட்டியிருக்கும்; காம்பு கிடையாது. அலிகேட்டர் வீட்டின் பூ ஒரு காம்பின் நுனியில், சருகுக் காகிதம் போல உலர்ந்த வெள்ளை உருண்டையாகத் தூக்கி நிற்கும். முற்றிய தண்டை ஒடித்தால் உள்ளே குழாயாக இருக்கும்.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி என்னைக் கூப்பிட்டுத் தன் தண்ணீர்க் குழாயடியைக் காட்டினார். "பிள்ளை, தளதளவெண்டு வருது, ஆரோ தந்தவை. சுண்டலாமோ?" என்றார்.

"பூவை ஒருக்கா பாருங்கோ ஆச்சி."

குனிந்து ஒரு பூங்காம்பை விரலிடையில் உருட்டினார். பிறகு தண்டை நகத்தால் பிளந்து உள்ளே பார்த்தார். "இது எங்கடை இல்லை" என்றார். நான் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டில் சந்தேகமான செடி கண்டால் நீங்களாகப் பிடுங்க வேண்டாம். உரக்குழியிலோ பச்சைக் குப்பைத்தொட்டியிலோ போடவும் வேண்டாம். படம் எடுத்து மாநகரசபைக்கு அறிவித்துவிட்டால் முறைப்படி அகற்றுவார்கள்.

கரையில் நாங்கள் எடுக்கும் களைகளிலும் தெரிந்த முகங்கள் உண்டு. மரங்களில் ஏறி மூடும் பலூன் கொடி முடக்கொத்தானுக்கு நெருங்கிய சொந்தம். நாயுண்ணி இங்கேயும் பெரிய தலையிடி. கண்டவுடன் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளத்தான் கை பரபரக்கும். அங்கேதான் பிராட்லி சகோதரிகளின் பாடம் வருகிறது. ஜோன், எய்லீன் என்ற இரு சகோதரிகள் 1960களில் சிட்னியின் மோஸ்மன் பகுதியில், வீட்டுக்குப் பக்கத்துக் காட்டில் கையாலேயே களையெடுத்துப் பழகி ஒரு முறையைக் கண்டார்கள். களை மண்டிய இடத்தில் தொடங்காதே; காடு நன்றாக இருக்கும் இடத்தில் தொடங்கி மெல்ல வெளியே வா. மண்ணைக் கிளறாதே. நாட்டுச் செடிகள் தாமாக முளைத்து வெற்றிடத்தை நிரப்பும் வேகத்துக்கு மேல் களையை எடுக்காதே. இன்று நாடெங்கும் தன்னார்வலர்கள் கற்கும் முறைக்கு இதுதான் வேர்.

நாயுண்ணிப் புதரை ஒரே நாளில் வெட்டினால் அதற்குள் ஒளிந்து வாழும் ஃபேரி ரென் என்ற சின்ன நீலக்குருவிக்குப் போக்கிடம் இல்லை. நாட்டுப் புதர் பக்கத்தில் வளரும்வரை களையிலேயே குருவி இருக்கட்டும் என்று விட்டுவைக்கிறோம். மரம் நடும் நாளில் நூறு பேர் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் நட்டதைச் சுற்றி அடுத்த வருஷம் களை எடுக்க வரும் நாலு பேரால்தான் ஓடை பிழைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

துப்புரவு விஷயத்திலும் ஒரு நிதானம் வேண்டும். பிளாஸ்டிக்கை எடுங்கள், போத்தலை எடுங்கள். விழுந்து கிடக்கும் மரத்தை, உதிர்ந்த பட்டையை எடுக்காதீர்கள். மேற்குச் சிட்னியின் கம்பர்லண்ட் சமவெளிக் காட்டில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. 2009ல் மத்திய அரசு அதை அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவித்தது. முக்கியமாக அந்தக் காட்டில் வாழும் ஒரு நத்தை உண்டு. ஏறக்குறைய ஓர் அங்குல ஓடு, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியது, ஒரே சீரான நிறம். யூக்கலிப்டஸ் அடியில் குவிந்த பட்டைக்கும் விழுந்த மரத்துக்கும் கீழே இருந்துகொண்டு பூஞ்சணம் தின்னும். வறட்சியில் மண்ணுக்குள் போய்விடும். உங்கள் கீரையைக் கடிக்கும் தோட்டத்து நத்தை ஐரோப்பாவிலிருந்து வந்தது, திட்டுத்திட்டான தடித்த ஓடு கொண்டது, அது வேறு. கம்பர்லண்ட் நத்தை உங்கள் பாத்திக்கு வராது. அதற்கு வேண்டியது அந்த உக்கிய கட்டை ஒன்றுதான். விறகுக்கென்று அதைத் தூக்கிப் போகிறவர் ஒரு குடியிருப்பையே தூக்கிப் போகிறார்.

குனிந்து வேலை செய்ய முடியாதவர்களுக்குக் காது இருக்கிறது. 2017ல் அவுஸ்திரேலிய அருங்காட்சியகம் ஃப்ராக் ஐடி என்ற கைபேசிச் செயலியை வெளியிட்டது. தவளைச் சத்தத்தைப் பதிந்து அனுப்பினால், எந்தத் தவளை என்று அங்குள்ள வல்லுநர்கள் கேட்டுச் சொல்வார்கள். கிரீன் அண்ட் கோல்டன் பெல் என்ற தவளை ஒருகாலத்தில் சிட்னியில் சாதாரணமாக இருந்தது. இப்போது அருகிப்போனது. 2000 ஒலிம்பிக்குக்கு ஹோம்புஷ் பழைய செங்கல் குழியில் டென்னிஸ் அரங்கம் கட்ட இருந்தார்கள். குழியில் இந்தத் தவளை இருப்பது தெரிந்ததும் அரங்கத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள். எங்கள் கரையில் நாங்கள் பதிவது பெரும்பாலும் 'டொக், டொக்' என்னும் வரித்தவளையை. அதுவும் தேவையான பதிவுதான். இன்று சாதாரணமாக இருப்பது நாளை குறைகிறதா என்பதை வேறெப்படி அறிவது?

பெல் தவளையைக் குறைத்தவற்றில் இரண்டு, மனிதரால் பரவியவை. நுளம்பை ஒழிக்கவென்று 1925ல் கொண்டுவந்து விட்ட கம்பூசியா மீன் அதன் முட்டைகளையும் வாற்பேத்தைகளையும் தின்கிறது. தவளையின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சணம் ஈரச்சேற்றோடு ஓரிடம்விட்டு இன்னோரிடம் போகிறது. ஆகையால் வீட்டு மீன்தொட்டியை ஓடையில் கவிழ்க்காதீர்கள். எங்களோடு வர விரும்பினால் முழுக்கைச் சட்டையும் மூடிய சப்பாத்தும் போட்டு வாருங்கள். சப்பாத்தின் அடிச்சேற்றை வீட்டிலேயே தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவைத்துவிட்டு வாருங்கள்.