ஆண்களின் மனச்சோர்வு: எங்கே போவது, எதைக் கேட்டு வாங்குவது

ஆண்களுக்கு வரும் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிச்சல், தொட்டதற்கெல்லாம் சண்டை, தூக்கமின்மை, குடி கூடிப்போவது, வேலையில் பிடிப்பின்மை, நெஞ்சுப் படபடப்பு என்றுதான் வருகிறது. வீட்டார் அதைத் திமிர் என்கிறார்கள். பாதிக்கப்பட்டவரோ கேஸ் ட்ரபிள் என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி, அந்த ஆண்டு நாட்டில் தற்கொலையால் இறந்தோர் 1,70,924 பேர். அவர்களில் ஏறக்குறைய 72 விழுக்காட்டினர் ஆண்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 உயிர்கள் போயின.

இந்த அறிகுறிகள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட்டு அன்றே அழைத்துப் போக வேண்டும்.

உடனே பேச, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் ஆலோசனை கிடைக்கும்.

நேரில் பார்க்க, மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போட வேண்டும். வரிசையில் பத்துப் பேர் கேட்க நோயை விவரிக்க வேண்டியதில்லை. 'மனநலப் பிரிவு' என்று சொன்னால் போதும். பழைய சீட்டுகளையும், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் இருந்தால் அவற்றையும் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். குடியின் அளவை மறைக்கக் கூடாது. மருந்தைத் தீர்மானிப்பதில் அதற்கும் பங்குண்டு. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நான்கு நாளில் குணமில்லை என்று நிறுத்துவதும், குணமானதும் நிறுத்துவதும் ஒரே தவறுதான். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

பலரைத் தடுப்பது போலீஸ் பயம். தற்கொலைக்கு முயன்றவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரும் குடும்பம், 'பூச்சிமருந்தைத் தெரியாமல் குடித்துவிட்டார்' என்று பொய் சொல்கிறது. உயிர் பிழைத்தாலும் மனநல மருத்துவர் பார்க்காமலேயே அவர் வீடு திரும்புகிறார். இந்தப் பயம் தேவையில்லை. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மாறாக நிரூபிக்கப்படாதவரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் பிரிவு 115 சொல்கிறது. முயற்சியையே குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்கவோ அவர் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டுமே அதன் 226ஆம் பிரிவில் குற்றம். போலீஸ் வாக்குமூலம் வாங்குவது வேறு, வழக்குப் போடுவது வேறு. இது தெரிந்திருக்க வேண்டிய அதிகாரிகளே 'கேஸ் ஆகிவிடும்' என்று மிரட்டுவது வெட்கக்கேடு. டிஸ்சார்ஜுக்கு முன் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும் என்று கேட்டு, அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்க வேண்டும்.

வேலை போய்விடும், கல்யாணம் நின்றுவிடும் என்பது அடுத்த பயம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 23 நோயாளியின் விவரங்களை இரகசியமாக வைக்கச் சொல்கிறது. சட்டம் சொல்லும் சில விலக்குகள் தவிர, முதலாளிக்கோ உறவினருக்கோ மருத்துவமனை அவற்றைத் தர முடியாது.

காப்பீட்டில் உடல் நோய்க்குச் சமமாக மனநோயையும் சேர்க்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் பிரிவு 21. மனநோய் என்ற காரணம் காட்டி கிளெய்ம் மறுக்கப்பட்டால், மறுப்பை எழுத்தில் வாங்கி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். 30 நாளில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

சிகிச்சையில் குறை இருந்தால் முதலில் மருத்துவமனைப் பொறுப்பு மருத்துவரிடமும், பிறகு மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அதன்பின் மாநில மனநல ஆணையத்திடமும் புகார் தரலாம். எழுத்தில் தந்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். வாய்மொழிப் புகாருக்குச் சாட்சியில்லை. இலவச வழக்கறிஞர் உதவிக்கு 15100 என்ற எண்ணையோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ அணுகலாம்.