புது லைனிங்கை நம்பி இறக்கத்தில் இறங்கலாமா?

லைனிங் புதுசுதானே, அப்புறம் என்ன பயம் என்று தோன்றும். ஆனால் கனரக லாரிக்கு லைனிங் மாற்றிய முதல் நாள்தான் ரொம்பக் கவனமா இருக்கணும்.

புது லைனிங்கின் வளைவும் டிரம்மின் வளைவும் முதலில் முழுசாப் பொருந்தாது. மேடான இடங்கள் மட்டும் உரசும். சூடு அங்கேயே குவியும். லைனிங்கில் உள்ள பிசின் கருகி மேற்பரப்பு வழவழப்பானால் பிடிப்பு போச்சு.

சின்னக் கணக்கு: 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 39 மெகாஜூல். ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசலை எரித்த வெப்பம். கியரைக் குறைத்து இறங்காவிட்டால், இதில் பெரும்பங்கு பிரேக் தலையில்தான்.

அதனால் முதலில் லோடு இல்லாமல், நெரிசலற்ற சமதளச் சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 25-க்கு மிதமாகக் குறைக்கணும். நடுவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடணும். இப்படிப் பல தடவை. வண்டிக் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதுவே சரி. டிரம் ஆறியதும் இடைவெளியைப் பார்த்து அட்ஜஸ்ட் செய்யணும்.

தர்மபுரி தாண்டி சேலம் வரும் வண்டிக்கு தொப்பூர் கணவாய் காத்திருக்கு. லைனிங்கைப் பழக்குற இடம் அது இல்லை.