அலைகளுக்கு ஒரு நகல் நகரம்

செல்பேசி வலையமைப்பின் டிஜிட்டல் இரட்டை என்பது, ஒரு நகரத்தின் கட்டடங்களையும் ஆண்டெனாக்களையும் கணினிக்குள் எழுப்பி, அங்கே ரேடியோ அலைகளை ஓடவிட்டுப் பார்க்கும் ஏற்பாடு. நிஜ வலையமைப்பின் அளவீடுகள் அதை அவ்வப்போது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் திருத்தம் இல்லையென்றால் அது வெறும் மாதிரிதான்.

முன்பு சராசரிக் கணக்கே போதுமானதாக இருந்தது. டோக்கியோவில் ஒகுமுரா எடுத்து 1968இல் வெளியிட்ட அளவீடுகளை ஹாட்டா 1980இல் சூத்திரமாக்கினார். தொலைவு, அலைவெண், ஆண்டெனாக்களின் உயரம் தெரிந்தால் அலை எவ்வளவு தேயும் என்று அது சொல்லிவிடும். ஆனால் 1,500 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 28 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். அங்கே ஜன்னல் கண்ணாடியின் உலோகப் பூச்சுகூட இணைப்பைக் கெடுக்கும். ஆகவே ஒவ்வொரு கதிரும் எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது, எவ்வளவு வலுவிழக்கிறது, எவ்வளவு பிந்தி வருகிறது என்று தனித்தனியாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது. என்விடியாவின் சியோன்னா என்ற திறமூல மென்பொருள் செய்வது இதைத்தான்.

இத்துறையின் விசித்திரமான கருவி, அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலுள்ள கொலோசியம். அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்ளும் போட்டி ஒன்றுக்காக அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா கட்டியது. 2019இல் போட்டி முடிந்ததும் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. பரிசோதனைக்கென அதில் 128 ரேடியோ முனைகள் உண்டு. எல்லாம் அசல் கருவிகள், ஆனால் ஒன்றுகூடக் காற்றில் பேசுவதில்லை. ஒவ்வொன்றின் சமிக்ஞையும் கேபிள் வழியே இன்னொரு கருவித் தொகுதிக்குள் போகிறது. அது சமிக்ஞையைத் தாமதப்படுத்தி, மங்கச்செய்து, மற்றவற்றோடு கலந்து திருப்பி அனுப்புகிறது. அறைக்குள் அடுக்கிவைத்த ரேடியோக்கள், பல தெருக்கள் தள்ளி நிற்பவைபோலப் பேசிக்கொள்கின்றன. முனைக்கு இரண்டு ஆண்டெனா இணைப்புகள் என்பதால் 256க்கு 256, அதாவது 65,536 பாதைகள் ஒரே நேரத்தில் கணக்கிடப்படுகின்றன. இதற்கு ஒரு விலை உண்டு: எத்தனை எதிரொலிப்புகள் இருந்தாலும், ஒரு பாதைக்கு 4 மட்டுமே மிஞ்சும்படி சுருக்கியாக வேண்டும்.

எதை விடலாம் என்பதை அளந்துதான் முடிவு செய்ய முடியும். வண்ண வண்ணமாக நகரத்தைக் காட்டிவிட்டு, நிஜத் தெருவில் ஒருமுறைகூட அளக்காமல் அதற்கு ‘இரட்டை’ என்று பெயர் சூட்டுவது மலிந்துவருகிறது. மரம் வளர்ந்ததும் கண்ணாடி மாற்றியதும் அந்த வரைபடங்களுக்குத் தெரியாது. கொலோசியம் குழு வேறுவிதமாகச் செய்தது. கூரையில் 64 ஆண்டெனாக்கள் தொங்கும் அரீனா என்ற தங்கள் பாஸ்டன் ஆய்வுக்கூடத்தையே நகலெடுத்து, ஒரே சோதனையை இரண்டிலும் ஓட்டி, தரவு வேகத்தை ஒப்பிட்டுப் பார்த்தது.