தத்தியின் நரம்பும் வயல் மருந்தும்

ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்றுப் பக்கத்து வட்டைகளில் வேளாண்மை குடலைப் பருவத்தை எட்டும்போது பயிரின் அடியை விலக்கிப் பார்த்தால், தண்ணீருக்குச் சற்று மேலே கபில நிறத் தத்தி ஒட்டியிருக்கும். நாலைந்து மில்லிமீற்றர் பூச்சிதான். கூட்டம் பெருகினால் வயலை வட்டம் வட்டமாகக் கருக்கிவிடும். முந்திய போகத்தில் கேட்ட மருந்து இந்தப் போகத்தில் கேட்கவில்லை என்றால் கடைக்காரர் மீதே முதற் சந்தேகம் விழுகிறது. கலப்படம் இல்லாமல் இல்லை. ஆனாலும் காரணத்தைத் தத்தியின் உடம்புக்குள்ளும் தேட வேண்டும்.

பூச்சியின் மூளையில் ஒரு நரம்புக்கலம் அடுத்ததற்குச் சேதி சொல்வது பெரும்பாலும் அசற்றைல்கோலின் மூலம். அது அடுத்த கலத்தின் வாங்கியில் அமர்ந்ததும் வாயில் திறந்து சோடியம் அயன்கள் உள்ளே பாயும், மின்துடிப்பு எழும். உடனே ஒரு நொதியம் அசற்றைல்கோலினை உடைத்துவிடும். மனித நரம்பிலும் இதே இரசாயனம், இதே வகை நொதியம். அந்த நொதியத்தை முடக்கும் மொனோகுரோட்டபொஸ் என்ற பூச்சிமருந்து மனிதரையும் கொன்றது. இலங்கை அதை 1995இல் தடைசெய்தது. இமிடாகுளோபிரிட் என்ற மருந்தோ நொதியத்தைத் தொடுவதில்லை. வாங்கியில் போய் அமர்கிறது, உடைபடாமல் அங்கேயே கிடக்கிறது. கலம் ஓயாமல் துடிக்க, தத்தி நடுங்கித் தண்ணீரில் விழும். நமது வாங்கியின் அமைப்பு சற்று வேறு என்பதால் நாம் பெரும்பாலும் தப்புகிறோம். சிறு வேறுபாடு நம்மைக் காப்பாற்றுமென்றால் தத்தியையும் காப்பாற்றும்தானே? 2005இல் வெளியான ஆய்வொன்றில், மருந்து கொடுத்தே வளர்த்த தத்திகளின் வாங்கியில் 151ஆம் இடத்துத் தைரோசின் செரினாக மாறியிருந்தது. பூட்டு மாறியது, திறப்பு நுழையவில்லை. ஆசிய வயல்களிலோ தத்தி பெரும்பாலும் பூட்டை மாற்றவில்லை. பி450 வகை நொதியமொன்றை மிகையாக உண்டாக்கி, மருந்து நரம்பை எட்டுமுன்பே சிதைக்கிறது. எனக்கு இதுதான் கூடுதல் சாமர்த்தியமாகப் படுகிறது.

வேறு மருந்துக்கு மாறினால் என்ன என்று கேட்கலாம். வேறு இலக்கைத் தாக்கும் மருந்தை மாற்றி மாற்றி அடித்தால் எதிர்ப்பு தாமதமாகும், உண்மை. ஆனால் தத்தியைத் தின்னும் சிலந்திக்கும் நரம்புண்டு. பலதையும் கொல்லும் மருந்து சிலந்தியை ஒழித்துவிடும். இலையுறைக்குள் இட்ட தத்தி முட்டையோ தப்பிப் பொரிக்கும், குஞ்சைத் தின்ன ஆளிருக்காது. மருந்தில்லாமல் விளைச்சல் போய்விடும் என்ற பயத்துக்கும் பதிலுண்டு: இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 கிருமிநாசினிகளைத் தடைசெய்தது, அதனால் அங்கே விளைச்சல் சரியவில்லை. எதிர்ப்புள்ள நெல்லினம் அங்கே கைகொடுத்ததே எனலாம். கொடுத்ததுதான், ஆனால் இனத்தை மட்டும் நம்பவும் முடியாது. 1973இல் வெளியான ஐ.ஆர். 26 சில ஆண்டுகளிலேயே தத்தியிடம் தோற்றது. ஆகவே தாங்கியை முதுகில் ஏற்றுமுன் பயிரின் அடியில் எண்ண வேண்டியது தத்தியை மட்டுமல்ல, சிலந்தியையும்தான்.