புரியும் பூட்டும்

காட்சிச்சாலையில் பழைய துப்பாக்கியொன்றைக் காண்போரின் கண் முதலில் அதன் பூட்டின்மேல்தான் செல்லும். பூட்டு என்றது கதவுப் பூட்டையன்று. குதிரையும் வில்லும் பொருந்தி, மருந்துக்குத் தீயூட்டும் பக்கவாட்டுப் பொறியை ஆங்கிலேயர் அப்பெயரால் அழைத்தனர். சக்கிமுக்கிக் கல் இருந்தால் பழையது, செப்புக் குல்லாய் மாட்டும் முளை இருந்தால் புதியது என்று வயதைச் சொல்லிவிடுவார்கள். இக்கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை. பூட்டை மாற்றிவிடலாம், பலர் மாற்றியும் இருக்கிறார்கள். துப்பாக்கியின் கதையை அறிய அதன் வாயினுள்ளே பார்க்கவேண்டும். (மருந்து கெட்டிக்கப்படவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான்!)

கல்பூட்டில், குதிரையின் வாயிலுள்ள கல் எஃகுத் தகட்டில் உரசித் தீப்பொறி சிந்தும். அது கிண்ணியிலுள்ள மருந்தைப் பற்றவைக்க, தீ ஒரு சிறு துளை வழியே குழலுக்குள் புகும். மழை பெய்தால் வேலை கெட்டது. 1800-இல் எட்வர்டு ஹவர்டு என்னும் ஆங்கில இரசாயன அறிஞர், அடித்தால் வெடிக்கும் பாதரச பல்மினேட்டைப் பற்றி எழுதினார். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்ஸாண்டர் பார்ஸைத் இவ்வகை இரசாயனத்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தி, 1807-இல் உரிமை பெற்றார். கிண்ணியின் சுடரைக் கண்டே பறவைகள் தப்பிவிடுகின்றன என்பது அவ்வேட்டைப் பிரியரின் குறை. பின்னர் வந்த செப்புக் குல்லாய் கல்லுக்கு விடை கொடுத்தது.

பழைய துப்பாக்கிகளை எறிந்துவிடவில்லை. எஃகுத் தகட்டையும் கிண்ணியையும் கழற்றி, திருகாணித் துளைகளை அடைத்து, தீப்புகும் துளையைப் பெருக்கி, அதில் முளையோடு கூடிய சிறு உருளையைத் திருகி, கல் பிடித்த குதிரைக்கு மாறாகச் சுத்தி போன்ற குதிரையைப் பூட்டினால் போதும். முழுப் பூட்டையுமே மாற்றுவதுதான் கடினம். புதிய தகடு கட்டையில் குடைந்த பள்ளத்தில் இம்மியும் பிசகாமல் அமர வேண்டும். உள்ளே குதிரையைத் தடுத்து நிறுத்தும் நெம்புகோல் விசைக்கு நேராக வரவேண்டும். குதிரையின் முகம் முளைமீது செங்குத்தாக விழவேண்டும். பாதி இழுத்து நிறுத்தும் வெட்டு தேய்ந்திருந்தால், கை வைக்காமலே வெடிக்கும்.

இவ்வளவும் செய்தாலும் குண்டு போகும் வழி மாறாது. அதை முடிவு செய்வது குழல். வழவழப்பான குழலில் தளர்வாக இறங்கிய உருண்டைக் குண்டு, இருபுறமும் மோதிக்கொண்டே வெளிப்பட்டு, மனம்போனபடி சுழலும். நூறு கஜத்துக்கு அப்பால் அதை நம்புவதற்கில்லை. குழலின் உட்சுவரில் சுருளாகக் காடி வெட்டினால், குண்டு பம்பரம்போல் தன் அச்சில் சுழன்று நேராகச் செல்லும். இச்சுருளையே புரி என்கிறேன். ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்பதே புரியின் அளவு. 1800-இன் பேக்கர் ரைபிளில் ஏழு காடிகள். 30 அங்குலக் குழலில் கால் சுற்றுதான். பிரன்ஸ்விக்கில் இரண்டே காடிகள், அதே நீளத்தில் முழுச் சுற்று. 1853-இன் என்பீல்டில் மூன்று காடிகள்; 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதாவது 39 அங்குலக் குழலில் அரைச் சுற்று. விட்வொர்த் குழலையே அறுகோணமாக்கி 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார். பௌதிகக் காரணம் எளிது: உருண்டைக்கு மெதுவான சுழற்சி போதும், நீண்ட குண்டு விரைந்து சுழன்றாலன்றித் தலைகுப்புறப் புரளும்.

வாய்வழி கெட்டிக்கும்போது குண்டு தளர்வாக இறங்கவேண்டும். சுடும்போது காடியை இறுகப் பற்றவேண்டும். அடியில் குழிவுள்ள குண்டு வெடியின் அழுத்தத்தால் விரிந்து இம்முரணைத் தீர்த்தது. பிரெஞ்சுக்காரர் மினியே 1849-இல் அமைத்த குண்டு புகழ்பெற்றது. அவருக்கு முன் 1830-களில் இதை முயன்ற நார்ட்டன் என்னும் ஆங்கிலத் தளபதி, தென்னிந்தியாவில் ஊதுகுழல் அம்பின் அடியிலிருந்த நெட்டி விரிந்து குழலை அடைப்பதைக் கண்டே இவ்வெண்ணம் கொண்டார் என்பர்.

கரி படிந்த காடிகளில் காகிதம் சுற்றிய குண்டு வழுக்கி இறங்கக் கொழுப்புத் தடவினர். தோட்டாவின் நுனியைச் சிப்பாய் பல்லால் கடித்துக் கிழிக்கவேண்டும். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்ற பேச்சு 1857 ஜனவரியில் டம்டம்மில் எழுந்தது. அதன்பின் நடந்தது நாமறிந்ததே.

கிளர்ச்சி அடங்கியதும் ஆங்கிலேயர் செய்ததுதான் என் கவனத்தை ஈர்த்தது. இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858 மாதிரித் துப்பாக்கியை அமைத்தார்கள். தோற்றம் என்பீல்டே, குல்லாய்ப் பூட்டும் அதுவே. ஆனால் 0.577 அங்குலக் குழலை 0.656-க்குப் பெருக்கிக் காடிகளை அழித்துவிட்டார்கள். தொலைவுக்கேற்ப உயர்த்தும் பின்குறியைக் கழற்றி வெறும் பிளவொன்றை வைத்தார்கள். சுரண்டியதில் குழலின் சுவர் மெலிந்துபோகவே, 1859 மாதிரியில் அதைத் தடிப்பாக்க வேண்டியதாயிற்று; காடிகள் மட்டும் திரும்பவில்லை. பின்வாய் வழியே கெட்டிக்கும் காலத்திலும் இந்த இடைவெளியை விடவில்லை. ஆங்கிலப் படை 1871-இல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றியை ஏந்தியபோது, இந்தியச் சிப்பாயின் கைக்கு வந்தது அதற்கு முந்திய ஸ்னைடர்.